தொப்பூர் இறக்கத்துல தப்பு டிரைவர் மேலயா, ரோட்டு மேலயா?

தம்பி கேட்டிருக்கறது இதுதான்: தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவுல இருக்கற தொப்பூர் கணவாய்ல இத்தன வருஷமா ஆக்சிடெண்ட் நிக்கவே மாட்டேங்குது, டீக்கடையில இருந்து பேப்பர் வரைக்கும் எல்லாரும் டிரைவரத்தான் திட்றாங்க, ரோட்டு டிசைனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா, இல்ல டிரைவர் ஒழுங்கா ஓட்டுனாலே போதுமா?

சம்பந்தம் இருக்குது தம்பி, நிறையவே இருக்குது. நான் ரோடு வேலையில இருக்கறவன், சொந்த ஊரு நல்லம்பள்ளி பக்கம், அந்த இறக்கம் சின்ன வயசுல இருந்தே பழக்கம். கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

வண்டி ஓட்டறவரு யாரும் ஒவ்வொரு போர்டா படிச்சுட்டு அதுக்கு ஏத்தபடி ஸ்பீடு வெக்கறதில்ல. முன்னாடி ரோடு எப்படி விரிஞ்சு கெடக்குதோ அதுக்கு ஏத்தபடி காலு தானா அழுத்துது. கிருஷ்ணகிரியில டோல்கேட் தாண்டி சேலம் ரோட்ட புடிச்சீங்கன்னா காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தர்மபுரி பைபாஸ்னு என்எச் 44 நேரா போகுது, ஒரு லேன் மூணரை மீட்டர் அகலம், பக்கத்துல ஷோல்டர்ங்கற காலி ஓரம், நடுவுல அரளிச்செடி, வீடு கடையெல்லாம் தள்ளி இருக்குது. இந்த மாதிரி ரோட்டுல 80ல போனாலும் 50ல போற மாதிரித்தான் இருக்கும். காரணம் நம்ம கண்ணு ஸ்பீட எடை போடறது ஓரத்துல ஓடற பொருள வெச்சுத்தான். பக்கத்துலயே மரமும் சுவரும் நின்னா சர்ரு சர்ருனு பின்னாடி போகும், வேகம் உறைக்கும். எல்லாம் தள்ளி இருந்தா வேகமே தெரியாது. இதுல இன்னொன்னும் சேருது, ஒரு மணி நேரம் 90ல ஓட்டிட்டு வந்தவருக்கு 60க்கு கொறச்சா வண்டி ஊர்ற மாதிரி இருக்கும், அவரு மனசுக்கு அது 40. மீட்டர பாக்காம ஓட்டறவரு நான் ஸ்லோவாத்தான் சார் வந்தேன்னு சொல்றாரு பாருங்க, பாதி நேரம் அவரு பொய் சொல்லல, அவருக்கு உண்மையிலயே அப்படித்தான் தெரிஞ்சிருக்கும்.

இப்ப தொப்பூருக்கு வருவோம். பாளையம் டோல்கேட் தாண்டி சேலம் போற பக்கம் ரோடு இறங்க ஆரம்பிக்குது, கட்டமேடு, இரட்டைப்பாலம்னு வளைஞ்சு வளைஞ்சு போகுது. அதுவரைக்கும் நேரான ரோட்டுல பழகி வந்த காலும் கண்ணும் அதே பழக்கத்தோட இறக்கத்துல நுழையுது. ரோட்டு இன்ஜினியரிங்ல டிசைன் கன்சிஸ்டன்சினு ஒன்னு பாப்பாங்க, அதாவது அடுத்தடுத்து வர்ற ரெண்டு பகுதியில வண்டிங்க நெசமா போற ஸ்பீடு 10 கிலோமீட்டருக்குள்ள வித்தியாசப்பட்டா நல்ல டிசைன், 20க்கு மேல வித்தியாசப்பட்டா மோசமான டிசைன். போர்டுல என்ன எழுதியிருக்குனு பாக்கறதில்ல, வண்டிங்க நெசமா என்ன ஸ்பீடுல போகுதுங்கறதத்தான் பாக்கணும். 80ல பழக்கி வெச்சுட்டு திடீர்னு 40க்கு வானு சொல்ற ரோடு எதுவா இருந்தாலும் அங்க ரத்தம் சிந்தும், அது தொப்பூரா இருந்தாலும் சரி கிருஷ்ணகிரி ஓசூர் ரோட்டுல மேலுமலையா இருந்தாலும் சரி.

லாரிக்கு இது இன்னும் கொடுமை. ஒரு சின்ன கணக்கு சொல்றேன், பள்ளிக்கூடத்துல படிச்ச பிசிக்ஸ்தான். ஒரு வண்டி 100 மீட்டர் ஒசரத்துல இருந்து இறங்கும்போது வெளிய வர்ற சக்தி, அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்துல வந்து முழுசா நிக்கறப்ப பிரேக்கு வாங்கற சக்தியப் போல 7 மடங்கு. லோடு எவ்ளோ இருந்தாலும் இந்த 7 மாறாது, ஆனா லோடு ஏற ஏற மொத்த சூடு ஏறும். காத்தும் டயர் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கும், மீதிய இன்ஜின் புடிச்சுக்கணும் இல்லன்னா பிரேக்கு ட்ரம்மு புடிச்சுக்கணும், வேற வழியே கெடையாது. 40 டன் வண்டிய நியூட்ரல்ல விட்டுட்டு பிரேக்க மட்டும் மிதிச்சுக்கிட்டே இறங்குனா அத்தன சூடும் ட்ரம்முக்குத்தான் போகும், ட்ரம்மு சூட்டுல விரிஞ்சு அத அழுத்திப் புடிக்கற ஷூவ விட்டு விலகும், ஷூ மேல இருக்கற லைனிங் கருகி வழுக்கும், திரும்பத் திரும்ப மிதிக்கறதுல பிரேக்க இயக்கற டேங்கு காத்தும் எறங்கும். அந்த இறக்கத்துல பாதி தூரத்துல கண்ணாடிய இறக்கிட்டு போனீங்கன்னா சில நாள் ஒரு காரமான கருகல் வாடை மூக்குல ஏறும், முன்னாடி போற லாரியோட பின் சக்கரத்துல இருந்து வெள்ளையா புகை வரும். அந்த லாரிக்கு பின்னாடி இருந்தா தப்பிச்சீங்க, முன்னாடி இருந்தா ஓரங்கட்டுங்க.

நியூட்ரல்ல விடறது டீசல் மிச்சம்னு ஒரு நம்பிக்கை ரொம்ப நாளா இருக்குது. இப்ப வர்ற காமன் ரெயில் இன்ஜின்ல கியர்லயே வெச்சுட்டு ஆக்சிலேட்டர விட்டா டீசல் சப்ளைய கம்ப்யூட்டரே கட் பண்ணிடும், சக்கரந்தான் இன்ஜின சுத்தும். நியூட்ரல்ல விட்டாத்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். இதுல இன்ஜினயே ஆஃப் பண்ணி விட்டா இன்னும் மோசம், பிரேக்குக்கு காத்து அடைக்கற கம்ப்ரசரும் நின்னுடும், பவர் ஸ்டியரிங்கும் போயிடும். மலை ஏறற கியர்லயே இறங்குனு பழைய டிரைவருங்க சொல்றது அத்தனயும் சத்தியம். ஆனா வடக்க இருந்து மொத தடவ இந்த ரூட்டுல வர்றவரு, ராத்திரி 3 மணிக்கு, இந்தப் பேச்ச கேக்காதவரு, அவருக்கு இங்கதான் மலை இறங்குதுனு ரோடு எப்படி சொல்லுது? பழைய மலைப்பாதைனா கொண்டை ஊசி வளைவு வந்தவுடனே யாரா இருந்தாலும் கியர் மாத்துவாங்க. இங்க நாலு வழிச்சாலை, வளைவெல்லாம் அகலமா இருக்குது, பாக்கறதுக்கு சும்மா லேசா சரிஞ்ச ரோடு மாதிரித்தான் தெரியுது, ஆபத்தோட அளவ அது காட்டவே மாட்டேங்குது. என்னக் கேட்டா தொப்பூரோட மெயின் கோளாறே இதுதான்.

2020 டிசம்பர்ல நடந்தது ஞாபகம் இருக்கும். ஏற்கனவே ஒரு ஆக்சிடெண்ட் ஆகி கீழ வண்டிங்க வரிசையா நின்னுட்டு இருந்துச்சு, மேல இருந்து வந்த ஒரு லாரி புடிபடாம வந்து டசனுக்கு மேல வண்டிங்கள நசுக்கிடுச்சு, 4 பேரு போய்ட்டாங்க. அதுக்கப்புறம் 2024 ஜனவரியில இரட்டைப்பாலத்துல லாரி மேல லாரி மோதி ஒன்னு பாலத்துல இருந்து கீழ விழுந்துச்சு, நடுவுல மாட்டுன காரு தீப்புடிச்சு எரிஞ்சுச்சு, அந்த வீடியோவ பாக்காதவங்க நம்ம மாவட்டத்துல இருக்க மாட்டாங்க. ரெண்டுலயும் டிரைவர் தப்பு இல்லனு நான் சொல்ல வரல. ஒரு மனுசனோட தப்புக்கு வரிசையில நின்ன குடும்பங்க ஏன் சாகணும், அந்தத் தப்ப தாங்கறதுக்கு ரோட்டுல என்ன வெச்சிருந்தோம்னுதான் கேக்கறேன்.

தாங்கறதுக்கு என்ன வெக்கலாம்னா, இறக்கத்துக்கு மேலயே, சமதரையிலயே, லாரிங்க கட்டாயமா நின்னு பிரேக்க செக் பண்ணி லோ கியர் போட்டுட்டு கெளம்பற எடம் ஒன்னு வேணும், டோல்கேட் அங்கதான் இருக்குது, எப்படியும் வண்டி அங்க ஸ்பீடு கொறஞ்சுதான் ஆகணும், அத பயன்படுத்தலாம். அடுத்து ரோட்டுக்கு குறுக்க வெள்ளக்கோடு, மொதல்ல தள்ளித் தள்ளி, போகப்போக நெருக்கி, அப்படி போட்டா நம்ம ஸ்பீடு ஏறிட்டே போற மாதிரி கண்ணுக்கு தோணும், காலு தானா லேசாகும். அப்புறம் எஸ்கேப் ராம்ப். பிரேக்கு போன வண்டி ஓரமா பிரிஞ்சு போய் ஆழமா கொட்டி வெச்ச உருண்டை ஜல்லியில புதைஞ்சு நிக்கற மாதிரி ஒரு தனிப்பாதை, ஏத்தமா அமைச்சா இன்னும் நல்லது, அமெரிக்காவுல மலை ரோட்டுலயெல்லாம் சாதாரணமா பாக்கலாம். ரோட்டுக்கு குறுக்க வரிவரியா சின்ன மேடு போடற ரம்பிள் ஸ்ட்ரிப் தொப்பூர்ல போட்டாங்க, காருக்கு தடதடனு நல்லாவே உறைக்கும், ஆனா 40 டன் லோடு வண்டிக்கு அது பெருசா ஒன்னும் தெரியாது, அதுவும் இறக்கத்துக்கு நடுவுல போட்டா காரு சட்டுனு பிரேக் அடிக்கும், பின்னாடி வர்ற லாரிக்கு முடியாது. போட்டா மேலயே போடணும். இப்ப கணவாய்ல பல நூறு கோடியில உயர்மட்ட சாலைக்கு ஒப்புதல் ஆகியிருக்குது, வளைவையும் சரிவையும் சரி பண்றதுதான் அதோட நோக்கம், நல்லபடியா முடியட்டும். ஆனா முடிஞ்சப்புறமும் மேல அந்த நேர் ரோடு கத்துக் குடுத்த 90 அப்படியே இறங்கி வராம இருக்கணும், அத மறந்துடக்கூடாது.

தொப்பூர் மட்டும் இல்ல, ஊரு நடுவுல போற ஹைவேயும் இதே கதைதான். எல்லாரும் திட்ற இன்னொரு ஆளு ராங் சைடுல வர்ற டூவீலர். காலையில அஞ்சரை மணிக்கு பால் சொசைட்டிக்கு போற அக்காவ எடுத்துக்கோங்க, டிவிஎஸ் எக்ஸல்ல முன்னாடி ஒரு கேன், பக்கத்துல ஒரு கேன், சொசைட்டி எதிர்பக்கம் 300 மீட்டர்ல இருக்குது. முறையா போகணும்னா ஒரு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி அண்டர்பாஸ்ல திரும்பி மறுபடி ரெண்டு கிலோமீட்டர் வரணும், மழை பேஞ்சா அந்த அண்டர்பாஸ்ல முழங்கால் தண்ணி, விளக்கும் எரியாது. அந்த அக்கா ஓரமா ராங் சைடுலயே 300 மீட்டர் போயிட்டு அரளிச்செடி நடுவுல யாரோ வெட்டி வெச்ச சந்துல பூந்து எதிர்பக்கம் போயிடறாங்க. தினமும் ரெண்டு வேள. ஒழுக்கம் இல்லாதவங்கனு திட்டலாம், ஃபைன் போடலாம், ஆனா சர்வீஸ் ரோடு ரெண்டு பக்கமும் தொடர்ச்சியா இருந்து, அண்டர்பாஸ் ஊருக்கு நேரா இருந்து, தண்ணி நிக்காம இருந்திருந்தா அவங்க அந்த வேலையே பண்ண மாட்டாங்க. எங்கெல்லாம் ஜனங்க மீடியன ஒடச்சு வழி பண்ணியிருக்காங்களோ அங்கெல்லாம் ரோடு போட்டவங்க கொடுக்க மறந்த வழி ஒன்னு இருக்குதுனு அர்த்தம்.

நடந்து கடக்கறவங்க கணக்கையும் பாத்துடுங்க. 90ல வர்ற காரு ஒரு செகண்டுக்கு 25 மீட்டர் வருது. ஒரு பக்கத்து ரெண்டு லேனும் சேத்து 7 மீட்டர், வயசான பாட்டி கடக்கறதுக்கு 9 செகண்டு ஆகும்னு வெச்சுக்கோங்க, அதுக்குள்ள அந்த காரு 225 மீட்டர் வந்துடும். அவ்ளோ தூரத்துல வர்ற வண்டியோட வேகத்த நம்மளாலயே சரியா கணிக்க முடியாது, பாட்டி எப்படி கணிப்பாங்க? டிரைவர் பக்கம் பாத்தா, ரோட்டுக்கு அளவு விதி எழுதற இந்திய சாலை காங்கிரஸ் கணக்குப்படி 100 கிலோமீட்டர் வேகத்துக்கு வண்டிய பாத்து நிறுத்த 180 மீட்டர் தெளிவா தெரியணும், 80க்கு 120 மீட்டர். வளைவு முடியற எடத்துல பஸ் ஸ்டாப்ப வெச்சுட்டு, அங்க 60 மீட்டர்தான் பார்வைக்கு கெடைக்குதுனா மோதல் நடக்கப் போகுதுங்கறது வரைபடத்துலயே தெரிஞ்ச விஷயம். அடிபடறவங்களுக்கு ஸ்பீடு என்ன பண்ணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதையும் கேளுங்க, காரு 50ல மோதறதுக்கும் 65ல மோதறதுக்கும் நடுவுல நடந்து போறவங்க சாகற வாய்ப்பு நாலரை மடங்கு ஏறுது, வெறும் 15 கிலோமீட்டர் வித்தியாசத்துல. சராசரி வேகம் 1 சதவீதம் கூடுனா உயிர் போற விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுதுனும் அவங்களே சொல்றாங்க.

ஸ்பீடு பிரேக்கர் போட்டா சரியாப் போச்சேனு கேப்பீங்க. கிராம ரோட்டுல சரியா போட்டா நல்ல மருந்து, தப்பா போட்டா அதுவே ஆளக் கொல்லும். கணக்குப்படி 3.7 மீட்டர் நீளத்துக்கு 10 சென்டிமீட்டர் ஒசரந்தான், மெதுவா ஏறி மெதுவா இறங்கற மாதிரி இருக்கணும், 25 கிலோமீட்டர்ல போனா உடம்பு குலுங்காது. நம்ம ஊருல ஒருத்தரு அடிபட்டு செத்த மறுநாளே ஜல்லியும் தாரும் கொண்டாந்து ராத்திரியோட ராத்திரியா ஒரு முழம் அகலத்துல கரடு மாதிரி ஒன்ன போட்டுடறாங்க, பெயிண்டு கெடையாது, போர்டு கெடையாது, விளக்கு கெடையாது. அந்த ஜனங்களோட வேதனை எனக்கு புரியுது, மனு குடுத்து குடுத்து சலிச்சுப் போனவங்க. ஆனா பைக்குல பின்னாடி கொழந்தைய மடியில வெச்சுட்டு ஒரு பக்கமா உக்காந்து வர்ற பொண்ணு தூக்கி வீசப்படறது அந்த கரட்டுலதான்.

ரோட்டோர புளியமரத்தப் பத்தியும் சொல்லியாகணும், ஏன்னா அகலப்படுத்தறப்ப மரத்த வெட்டாதீங்கனு ஒரு பக்கமும் மரந்தான் ஆளக் கொல்லுதுனு இன்னொரு பக்கமும் சண்டை போடறோம். ரெண்டும் உண்மை. ரெண்டு பக்கமும் புளியமரம் நெருங்கி நிக்கற குறுகலான ரோட்டுல எவனும் 80ல போக மாட்டான், நெருக்கம் அவன 40க்கு கொண்டு வந்துடும். அதே மரத்த அப்படியே விட்டுட்டு ரோட்ட மட்டும் ஒரு பக்கம் அகலப்படுத்தி வழவழனு தார் போட்டா ஸ்பீடு 80 ஆகிடும், மரம் மட்டும் தார் ஓரத்துல இருந்து ஒரு மீட்டர்ல நிக்கும், தடுமாறுன வண்டிக்கு மன்னிப்பே கெடையாது. வேகத்த ஏத்துனா ஓரத்தையும் அந்த வேகத்துக்கு தயார் பண்ணணும், க்ராஷ் பேரியர் வெக்கணும், இல்லன்னா வேகத்த ஏத்தாம விடணும். நம்ம பக்கம் நடக்கறது மூணாவது வகை, வேகத்த ஏத்திட்டு ஓரத்த அப்படியே விட்டுடறது.

வெளிநாட்டுல இத எப்படி பாக்கறாங்கனு சுருக்கமா சொல்றேன். ஸ்வீடன்ல 1997லயே பார்லிமெண்டுல விஷன் ஜீரோனு ஒரு கொள்கைய ஏத்துக்கிட்டாங்க, மனுசன் தப்பு பண்ணுவான், ஆனா அந்த தப்புக்கு தண்டனையா உயிர் போகக்கூடாது, அதுக்கு ரோட்ட அமைக்கறவங்களும் பொறுப்புனு. அகலமான ரெண்டு வழிச்சாலைய எடுத்து நடுவுல கம்பிக்கயிறு தடுப்பு கட்டி, ஓவர்டேக் லேன ஒரு தடவ இந்தப் பக்கத்துக்கும் அடுத்த தடவ அந்தப் பக்கத்துக்கும் மாத்தி மாத்தி குடுத்தாங்க, அந்த ரோடுகள்ல சாவு பெருமளவு கொறஞ்சுது. ரவுண்டானாவுக்கும் இதே நியாயம் இருக்குது. சாதாரண நாலு ரோடு சந்திப்புல வண்டிங்க ஒன்னோட ஒன்னு மோதற புள்ளி 32, ஒரு லேன் ரவுண்டானாவுல அது 8, அதுவும் நேருக்கு நேர் இல்லாம சாய்வா, மெதுவா. ஆனா நடுவுல வட்டத்த கட்டி செலைய வெச்சா மட்டும் ரவுண்டானா ஆகிடாது, உள்ள நுழையற வழி வளைஞ்சு இருக்கணும், ஸ்பீடு தானா கொறையணும், நேரா விட்டுட்டு நடுவுல வட்டம் வெச்சா ராத்திரியில அது மேலயே ஏறுவாங்க.

நம்ம நாட்டுல கணக்கு எப்படி இருக்குதுனா, 2022ல மட்டும் ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேரு, தமிழ்நாட்டுல 17,884 பேரு. நாட்டுல உள்ள மொத்த ரோட்டு நீளத்துல நேஷனல் ஹைவே 2 சதவீதம்தான், ஆனா சாவுல 36 சதவீதம் அதுலதான். காரணம் எழுதற கட்டத்துல பாத்தா பத்துக்கு ஏழு அதிவேகம்னு இருக்கும். எஃப்ஐஆர்ல எல்லாத்துலயும் ஒரே வரிதான் பாத்திருப்பீங்க, அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்துனு. அப்படி எழுதுனாத்தான் செக்‌ஷனுக்குள்ள வரும், கேஸு நிக்கும், இன்சூரன்ஸ் கெடைக்கும், எழுதற போலீஸ்காரர குத்தம் சொல்ல ஒன்னும் இல்ல. ஆனா அந்த வரி ஏறுன நிமிஷமே அங்க விளக்கு எரிஞ்சுதா, கோடு தெரிஞ்சுதா, சரிவு எவ்ளோங்கற கேள்வியெல்லாம் காணாமப் போயிடுது. விபத்து விவரம் பதியறதுக்கு ஐஐடி மெட்ராஸ் உருவாக்குன ஐராட் ஆப்புல இப்ப எடம், ரோட்டு விவரமெல்லாம் சேத்து பதியறாங்க, இது நல்ல மாற்றம், அந்த டேட்டாவ வெச்சு ரோட்ட திருத்தறதுதான் இனிமே நடக்கணும்.

சட்டத்துலயும் இடம் இருக்குது. 2019ல மோட்டார் வாகன சட்டத்த திருத்துனப்ப 198ஏனு ஒரு பிரிவு சேத்தாங்க, ரோட்டு டிசைன், கட்டுமானம், பராமரிப்புல விதிப்படி செய்யாம அதனால உயிரோ உடம்போ பாதிச்சா, சம்பந்தப்பட்ட அதிகாரிக்கோ காண்ட்ராக்டருக்கோ கன்சல்டன்டுக்கோ 1 லட்சம் ரூபா வரைக்கும் அபராதம். ஒரு உயிருக்கு 1 லட்சங்கறது ரொம்பக் கம்மி, ஆனா பொறுப்பு அவங்களுக்கும் உண்டுனு சட்டம் ஒத்துக்கிச்சு. நேஷனல் ஹைவேல பிளாக் ஸ்பாட்டுக்கு, அதாவது அடிக்கடி விபத்து நடக்கற எடத்துக்கு, அளவு என்னன்னா, 500 மீட்டருக்குள்ள 3 வருஷத்துல உயிர் போன இல்ல பலத்த காயமான 5 விபத்து, இல்லன்னா 10 சாவு. இதுல எனக்கு இருக்கற கோவம் என்னன்னா, ஆள் செத்தாலோ பலமா அடிபட்டாலோதான் எடம் லிஸ்டுல ஏறும். மோசமான எடத்த ஓட்டிப் பாத்தாலே, வரைபடத்த பாத்தாலே தெரிஞ்சுடும், அதுக்குத்தான் ரோடு சேஃப்டி ஆடிட்னு ஒன்னு இருக்குது, ரோடு திறக்கறதுக்கு முன்னாடியும் திறந்த பிறகும் ரெண்டு தடவயும் உண்மையா பண்ணணும், ராத்திரியிலயும் மழையிலயும் போய் பாக்கணும்.

டிரைவருக்கு பங்கே இல்லையானா, இருக்குது. குடிச்சுட்டு ஓட்டறவனுக்கும், தூங்காம ரெண்டு நாள் ஓட்ட வெக்கற ஓனருக்கும் எந்த டிசைனும் சாக்கு ஆகாது. ஆனா ஒரே எடத்துல, வேற வேற ஊரு டிரைவருங்க, வேற வேற வண்டியில, ஒரே மாதிரி தப்பு பண்றாங்கன்னா அந்த எடத்த பாக்காம டிரைவர மட்டும் பாக்கறது வேலைக்கு ஆகாது.

உங்க ஊரு பக்கம் இப்படி ஒரு எடம் இருந்தா இத செய்யுங்க. பக்கத்துல இருக்கற கிலோமீட்டர் கல்லோட நம்பர எழுதிக்கோங்க, எந்த திசையில போற வண்டி, பகலா ராத்திரியா, மழையா, என்ன மாதிரி மோதல்னு ஒரு நோட்டுல குறிச்சு வையுங்க, மோதாம தப்பிச்சதையும் சேத்து, ஏன்னா சாவுக்கு முன்னாடி வர்ற எச்சரிக்கை அதுதான். டிரைவர் உக்கார்ற ஒசரத்துல இருந்து போட்டோ எடுங்க, பகல்ல ஒன்னு ராத்திரியில ஒன்னு. கலெக்டர் தலைமையில மாவட்ட சாலை பாதுகாப்புக் குழு இருக்குது, திங்கக்கிழமை குறைதீர் நாள்ல அந்த குழுவோட பேரப் போட்டு மனுவா குடுத்து ரசீது வாங்கிக்கோங்க, நேஷனல் ஹைவேனா அதோட ஹெல்ப்லைன் 1033க்கும் போன் பண்ணி கம்ப்ளெய்ன்ட் பதிவு பண்ணுங்க. மனுவுல ஸ்பீடு பிரேக்கர் வேணும்னு மட்டும் எழுதாதீங்க, இந்த எடத்த ஆடிட் பண்ணி என்ன கோளாறுனு எழுத்துல சொல்லுங்கனு கேளுங்க. எழுத எப்படினு தெரியலன்னா எடத்தையும் போட்டோவையும் எனக்கு அனுப்புங்க தம்பி, நானே உக்காந்து எழுதித் தர்றேன்.